மோட்டார் ஓசை எட்டாத வழிகள்

ஐரோப்பாவிலே சில காலமாக ஒரு புதுமோகம் தலையெடுத்திருக்கிறது. தாரிட்டு மெழுகிய பெருந்தெருக்களை வேண்டாமென ஒதுக்கி, கல்லும் மண்ணும் கலந்த நாட்டுப்புறப் பாதைகளைத் தேடித் தேடித் துவிச்சக்கர வண்டியிற் செல்வதே அம்மோகம். இதற்கெனத் தனி வண்டிகள் செய்கிறார்கள். தனி உடை, தனிச் சப்பாத்து, தனி வரைபடம் எல்லாம் விற்கிறார்கள். 2022ஆம் ஆண்டு இத்தாலியிலே இதற்கு முதலாவது உலகப் போட்டியையும் நடத்திவிட்டார்கள். அவ்வண்டிக்குப் பெயர் ‘கிரவல் பைக்’.

பெயரைக் கேட்டதும் திருகோணமலை வாசகர்கள் புன்முறுவல் பூப்பார்கள். கிரவல் நமக்கு அந்நியமான சொல்லா? கிரவல் கிடங்கு, கிரவல் லொறி, கிரவல் றோட்டு என்று நாள்தோறும் வாயில் வழங்கும் சொல்லன்றோ! தேர்தற் காலத்தில் மேடையேறுவோர், ‘இந்தக் கிரவல் றோட்டைக் காபட் றோட்டாக்கித் தருவோம்’ என்று வாக்களிக்கும்போது நாமும் கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டியிருக்கிறோம்.

புதுமை என்று சொல்லப்படும் அவ்வண்டியிலே முக்கியமானது ரயர்தான். பந்தயச் சைக்கிளின் மெல்லிய ரயர் அதற்கு ஆகாது. ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அகலமான ரயர் வேண்டும். அதற்குள் காற்றும் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் கல்லின்மேல் ஏறும்போது சில்லுத் தூக்கியெறியப்படாமல், ரயர் தானே வளைந்து கொடுத்துக் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். நல்லது. நம் தகப்பன்மார் ஓடிய கறுப்புச் சைக்கிளின் ரயர் அளவு என்ன? இருபத்தெட்டுக்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீற்றர். கூனித்தீவிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கரியரிலே மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரூராகச் சென்ற வியாபாரி, இன்று பாரிசில் பெரும் விலைக்கு விற்கும் தத்துவத்தையே மிதித்துக்கொண்டு போனான். டன்லப் என்பவர் 1888இல் காற்றடைத்த ரயரைச் செய்ததும் தம் மகனின் சிறு வண்டி கரடுமுரடான நிலத்தில் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதானே! ரயர் பிறந்ததே கிரவலுக்காக என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆனால், வண்டி பழையதென்று நாம் பெருமை பேசிவிட்டு நின்றுவிட முடியாது. பிரான்சு நாட்டார் செய்திருக்கும் காரியம் வண்டியில் இல்லை, வழியில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரான்சின் தெற்கிலே மிடி கால்வாய் என்றொரு கால்வாய் உண்டு. ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666இல் தொடங்கி 1681இல் முடிக்கப்பெற்றது. நீளம் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். அந்நாளிலே படகுகளுக்கு இயந்திரம் ஏது? கரையிலே குதிரை நடந்து கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். குதிரை நடப்பதற்கென்று கால்வாயின் ஓரமாக மண்பாதை அமைத்து, நிழலுக்கு மரமும் நட்டார்கள். குதிரை போயிற்று, பின்னர் சரக்குப் படகும் போயிற்று. பாதை மாத்திரம் எஞ்சியது. அப்பாதையிலேதான் இன்று துவிச்சக்கர வண்டிகள் ஓடுகின்றன. நீர் ஓடும் தளத்தை ஒட்டியது ஆகையால் ஏற்றமில்லை, இறக்கமில்லை. மோட்டார் வண்டி ஒன்றேனும் குறுக்கிடாது.

வடமேற்கிலே நாந்து நகரையும் பிரெஸ்துத் துறைமுகத்தையும் இணைக்கும் இன்னொரு கால்வாய் இருக்கிறது. அதன் கரைப்பாதை முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. பிரெஸ்து என்னும் பெயரைத் திருகோணமலையார் அறிந்திருக்க வேண்டும். 1781இல் அத்துறைமுகத்திலிருந்து பாய்விரித்துப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் என்பவரே, மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயரிடமிருந்து நமது கோட்டையைப் பறித்தெடுத்தவர். பின்னர் ஆங்கிலேயக் கப்பல்கள் பிரெஸ்தின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்ற காலத்திலே, கடல் வழியை நம்பாமல் உள்நாட்டு நீர்வழியாகத் துறைமுகத்துக்குப் பொருள் அனுப்ப வேண்டும் என்று நெப்போலியன் வெட்டத் தொடங்கியதுதான் அக்கால்வாய். போருக்காகப் பிறந்த வழியிலே இன்று பாட்டனும் பேத்தியும் சைக்கிள் ஓடுகிறார்கள். உலகத்தின் போக்கு சில வேளை இப்படியும் நன்றாகவே முடிகிறது.

கால்வாய் இல்லாத இடங்களிலே கைவிட்ட இரயிற் பாதைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பர்கண்டிப் பகுதியிலே ஜிவ்ரி என்ற ஊருக்கும் குளூனி என்ற ஊருக்கும் இடையே தண்டவாளம் கழற்றப்பட்ட பாதையைச் செப்பனிட்டு 1997இல் திறந்தார்கள். ‘பசும் வழி’ என்று பொருள்படும் பெயரை இத்தகைய வழிகளுக்கு இட்டார்கள். 2004இல் நாட்டின் வீதிச் சட்டத்திலேயே அப்பெயருக்கு இடம் கிடைத்தது: மோட்டார் இல்லாத வண்டிகளும், நடப்போரும், குதிரையேறிச் செல்வோரும் மாத்திரம் செல்லத்தக்க வழி என்று. இவையன்றி வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகும் மண் தடங்களும் உண்டு. அவற்றுள் பல ஊராட்சிக்குச் சொந்தம். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ளவை. வழியின் இரு தலைப்பிலும் ஒரு சிறு தடுப்புக் கட்டை நாட்டியிருப்பார்கள். சைக்கிள் நுழையும், கார் நுழையாது. ஏற்பாடு அவ்வளவுதான். கோடிக்கணக்கான பணம் அதற்குள் இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். துறைமுக நகரிலிருந்து பெரிய வீதிகள் கைவிரல்களைப் போலப் பிரிந்து செல்கின்றன. வடக்கே புல்மோட்டை வீதி. மேற்கே அநுராதபுர வீதி. தென்மேற்கே சீனக்குடா, பாலம்போட்டாறு வழியாகக் கண்டி வீதி. கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்பு வீதி. இவை யாவும் இன்று காபட் இட்டு வழுவழுப்பானவை. பஸ்ஸும் வானும் மணல் ஏற்றிய டிப்பர் லொறியும் பறக்கின்றன. அவற்றில் சைக்கிள் ஓடுவது, நம் மனைவிமாரின் வார்த்தையிற் சொன்னால், உயிரைக் கரியரில் கட்டிக்கொண்டு போவதாகும்.

விரல்களுக்கு இடையே இருப்பதுதான் நமக்கு வேண்டியது. குளக்கட்டு, வாய்க்காற்கரை, வயற்பாதை, காட்டோரப் பாதை என்று கிரவலும் மண்ணுமான வழிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளையும் பார்த்தவர்கள் பலர்; அங்கிருந்து வடக்கே பெரியகுளத்தின் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையைப் பார்த்த தமிழர் சிலரே. சோழர் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பௌத்தப் பள்ளி அது. தமிழரும் பௌத்தராய் இருந்த காலத்தின் சான்று நகரிலிருந்து ஒரு காலைப்பொழுதுச் சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நாம் அதிகமாகச் செல்வது தம்பலகாமப் பக்கம். கல்லூரியில் படிப்பிக்கும் நாலைந்து பேர், சனிக்கிழமை விடியற்புறத்தில், வெயில் ஏறுமுன் புறப்பட்டுவிடுவோம். கண்டி வீதியிலே இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டால் பின்னர் வயல்வெளி. நெல் வயல்களின் நடுவே ஆதி கோணேசர் கோயிலின் கோபுரம் தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்த பின்னர், கோணேசருக்குப் புகலிடமாக அமைந்த தலம் என்பது ஊர் மரபு. கோயிலைக் கடந்து வாய்க்காற்கரையில் ஏறினால் மோட்டார் ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து, சிறிது நேரத்தில் அற்றுவிடும்.

அந்த வேளையிலேதான் காதுக்கு வேலை வருகிறது. சில்லின் கீழே கிரவல் நொறுங்கும் சத்தம் கேட்கும். துருசிலே நீர் விழும் சத்தம் கேட்கும். மருத மரத்திலிருந்து நீர்க்காகம் ஒன்று சிறகடித்து எழுவது கேட்கும். எருமைகள் கழுத்தளவு நீரில் கிடந்தபடி நம்மைப் பார்க்கும். பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தக்கவர்கள் அல்லர் என்று தீர்மானித்ததைப் போலக் கண்ணை மூடிக்கொள்ளும். பாற்கலயம் கட்டிய சைக்கிள் எதிரே வரும். பாடசாலைச் சீருடையிற் பிள்ளைகள் மும்மூன்று பேராக, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு வருவார்கள், சனிக்கிழமையும் வகுப்புத்தான். பெருவீதியிலே மூவர் ஒருங்கே செல்ல முடியுமா? கைவிரலால் மணியைத் தட்டினால் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழி விடுவார்கள். ‘குட் மோர்னிங் சேர்’ என்பதும் உண்டு.

இப்பாதைகள் சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. வாய்க்காலைப் பார்வையிடவும் உடைப்பை அடைக்கவும் நீர்ப்பாசனத் திணைக்களத்தார் போட்டவை. பிரான்சிலே குதிரைக்காகப் போட்டது போல, இங்கே நீருக்காகப் போட்டது. நீர் ஓடும் சரிவிலேயே பாதையும் செல்வதால் ஏற்றம் கிடையாது. கியர் வேண்டியதில்லை. நம் நாட்டிலே காற்றுத்தான் மலை. ஆனி, ஆடியிற் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும்போது அதை எதிர்த்து மிதிப்பவனுக்குப் பிதுருதலாகலை ஏறிய களைப்பு வரும். ஆகையால் அம்மாதங்களில் செல்வோர் விடியுமுன் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, காற்று எழுந்தபின் அதை முதுகிலே வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மாரியிலே, கார்த்திகை தொடங்கித் தை வரையில், கிரவல் பாதையை மறந்துவிடுவதே நலம். சேறு சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே இறுகிவிட்டால் வண்டி நம்மைச் சுமக்காது, நாமே வண்டியைச் சுமக்க நேரும். மாசி, பங்குனி மாதங்கள் மிகவும் உகந்தவை.

கிரவல் என்பது என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இரும்புச் சத்தால் சிவந்து இறுகிய மண்ணையும் சிறு கற்களையும் கிடங்கிலிருந்து வெட்டி, பரப்பி, நீர் தெளித்து உருளையால் அழுத்தினால் அது தானாகவே பிணைந்துகொள்ளும். நடுப்பகுதி சற்று உயர்ந்து, இருபுறமும் நீர் வடிய வாய்க்கால் இருந்தால் பல ஆண்டு கிடக்கும். வடிகால் தூர்ந்துவிட்டால் ஒரு மாரியிலேயே குழியாகும். வெயிற் காலத்திலே கனத்த வண்டிகள் விரைந்து ஓடினால் கடலலை போல வரிவரியாகச் சுருங்கிவிடும். சைக்கிள் ஓடிக் கெட்ட கிரவல் பாதை ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை.

தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் தருவது கந்தளாய்க் குளம். அக்கபோதி மன்னன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினான் என்று வரலாற்று நூலார் கூறுவர். குளக்கோட்டன் கட்டினான் என்று நமது மரபு கூறும். கட்டியவர் யாராயினும் அது பெருங்கட்டு. நீளம் ஏறக்குறைய நாலேகால் கிலோமீற்றர். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, ஊர் உறங்கும் பின்னிரவு வேளையில், அக்கட்டு உடைந்தது. நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உடைப்புக்குக் கூறப்பட்ட முக்கிய காரணங்களுள் ஒன்று, கட்டின்மேல் மிகக் கனத்த வாகனங்கள் ஓட விடப்பட்டமை. பின்னர் கட்டைத் திருத்தியமைத்தார்கள். குளக்கட்டிலே எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது பொழுதுபோக்குக்காரரின் ஆசை மட்டுமன்று என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம். மண் கட்டானது மனிதன், மாடு, சைக்கிள் ஆகியவற்றின் பாரத்தைத் தாங்கும். பத்துத் தொன் மணலின் அதிர்ச்சியை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யார் சொல்ல வல்லார்?

‘வாகனம் இல்லாத வீதி’ என்றதும் பிரெஞ்சுக்காரனுக்கு இன்பம் தோன்றும். நமது தலைமுறைக்கு வேறொன்று தோன்றும். நமது பிள்ளைப் பருவத்திலும் வாலிபத்திலும் வீதிகள் ஓசையற்றுத்தான் கிடந்தன. அந்த ஓய்வு அச்சத்தின் ஓய்வு. மாலை மங்கினால் தெருவிலே நாய்கூட இராது. காவலரண் தோறும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியை உருட்டிச் செல்ல வேண்டும். ஏறி மிதித்துக் கடந்தால் அது குற்றம். பல குளக்கட்டுகளுக்கும் காட்டோரப் பாதைகளுக்கும் போகவே முடியாது. மூதூர் கிழக்கிலே சம்பூர் மக்கள் 2006இல் குண்டுவீச்சுக்கு இடையே கையில் அகப்பட்டதைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். தங்கள் காணிகளுக்கு அவர்கள் திரும்பி வர 2015, 2016ஆம் ஆண்டுகள் ஆயின. அங்கே இன்று கிரவல் ஒழுங்கையிலே ஒருவன் மணியடித்துக்கொண்டு போகிறான் என்றால், அந்த மணியோசை கேட்பதற்கு ஊர் பத்தாண்டு காத்திருந்தது என்பதை அறிய வேண்டும். ஆகவே ஓசையற்ற வழிகளை நாம் புகழும்போது, அவற்றிலே பிள்ளைகளின் சிரிப்பும் கேட்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறோம்.

அச்சம் நீங்கியதும் தார் வந்தது. அதைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; ஏறக்குறைய 400 மீற்றர் நீளம். அதற்கு முன் கிண்ணியாத் துறையிலே ‘பாதை’ என்றால் வழி என்று பொருளன்று. ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். பாதைக்காகக் கரையிலே காத்திருந்து நோயாளி இறந்த கதைகள் கிண்ணியாவில் வீட்டுக்கு ஒன்று உண்டு. பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டிக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியிலே, 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்ததை யார் மறப்பார்? பிள்ளைகளும் பெரியவர்களுமாகச் சிலர் மடிந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியிலே உயிர் போகும் நாட்டில், பாலம் வேண்டாம், தார் வேண்டாம் என்று ஒரு சைக்கிள்காரன் வாதாடினால் அவனை வாய்க்காலிலே தள்ள வேண்டும்.

நாம் கேட்பது அதுவன்று. ஊருக்குப் போகும் வீதி தாராகட்டும். குளக்கட்டும் வாய்க்காற்கரையும் கிரவலாகவே இருக்கட்டும். ஆனால் நல்ல கிரவலாக இருக்கட்டும். இப்பொழுது நடப்பது தலைகீழ். வாய்க்காற்கரைக்குக் கொங்கிறீற் போடப்படுகிறது. போட்டதும் டிப்பர் லொறிக்கு அது குறுக்கு வழியாகிறது. நாலு மாதத்தில் பிள்ளைகளைப் பெற்றோர் அவ்வழியே அனுப்ப அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் முச்சக்கர வண்டிக்கு மாதவாடகை கொடுத்துப் போகிறார்கள். வழி நல்லதாகியும் வசதி போய்விட்டது. வாடகை கொடுக்க இயலாத வீட்டிலே முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் படிப்பு என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் காலத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓடப் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் கூலிக்குப் போகும் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது அங்கே மாவட்ட நிருவாகத்தின் துணிவு. பின்னர் அந்த மாநில அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. நம் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை, போர்க்காலமே கற்பித்துவிட்டது. ஓடுவதற்கு அஞ்சாத வழி ஒன்று மிஞ்சினால் போதும்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். சீனக்குடாக் காட்டுக்குள்ளே ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. அவற்றின் நிழலிலே வாழ்கிற நமக்கு அந்த ஆனி, ஆடி மாதங்களில் ஒரு போத்தல் பெற்றோல் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்த நாட்கள் அவை. அப்போது கோடிப்புறத்திலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. சைக்கிள் திருத்தும் கடைக்காரர் திடீரென்று ஊரின் பெரிய மனிதர் ஆனார். ரியூப் ஒன்றுக்காக அவரிடம் சிபாரிசு பிடித்தோம். வங்கி முகாமையாளரும் வைத்தியரும் மாணவர்களோடு ஒரே வரிசையில் மிதித்தார்கள். வியர்வை ஒன்றைத் தவிர வேறு குறை நமக்குத் தெரியவில்லை. பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் மறுபடி கோடிக்குப் போயின. ஆயினும் எல்லாம் போகவில்லை. நமது சனிக்கிழமைக் கூட்டம் அந்தப் பஞ்சத்தின் பிள்ளைதான்.

புதிதாக வர விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். பெரும் விலை கொடுத்து வண்டி வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள பழைய வண்டி போதும். பிறேக் கட்டைகளை மாற்றிக்கொள்ளுங்கள். காற்றைக் கல்லுப்போல இறுக்க அடிக்க வேண்டாம். பம்பும், ஒட்டுப் போடும் சாமானும், இரண்டு போத்தல் தண்ணீரும் அவசியம். கந்தளாய்ப் பக்கமும் காட்டோரமும் யானை நடமாட்டம் உள்ளது. விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அவ்வழிகளில் தனியே போகலாகாது. ஊரவர் ‘இப்ப போக வேண்டாம்’ என்றால் காரணம் கேளாமல் திரும்பிவிட வேண்டும். தெரியாத இடத்திலே பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம்; போர் நடந்த மண் இது. வயலுக்குள் வண்டியை இறக்குவதும், வாய்க்காலிலே பிளாஸ்ரிக் போத்தலை எறிவதும் நமது கூட்டத்தில் மன்னிக்கப்படுவதில்லை. கடைசியாக, திரும்பும் வழியிலே சட்டித் தயிர் வாங்க எண்ணுபவர்கள் கரியருக்கு நல்ல கயிறு கொண்டுவர வேண்டும். கிரவலிலே தயிர் மோராகும் வேகம் வியக்கத்தக்கது.

இந்த வழிகளைக் காப்பதற்கு என்ன செய்யலாம் என்று நாம் தம்பலகாமத்து வாய்க்காற்கரையிலே ஒரு முதிய கமக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். மருத நிழலிலே மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பிரான்சிலே தடுப்புக் கட்டை நாட்டுவதைச் சொல்லி, இங்கேயும் இரு தலைப்பிலும் இரண்டு கொங்கிறீற் தூண் நாட்டினால் டிப்பர் வராது அல்லவா, ஐயா என்று கேட்டோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

“மாஸ்ரர், நீங்க கிழமைக்கு ஒருக்கா வாறீங்க. பாத்துட்டு வடிவா இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போறீங்க. நாங்க ஒவ்வொரு நாளும் போறம். தூணை நட்டா உழவுக்கு மிசின் எப்பிடி வயலுக்குப் போறது? வெட்டின நெல்லை நான் தலையிலயா கொண்டுவாறது? இந்த வயசில?”

நியாயமான கேள்வி. நம்மில் ஒருவரிடமும் விடை இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரே தொடர்ந்தார்.

“டிப்பர் வரக்கூடாது எண்டுறது சரி. போன மாரியில அந்த வளைவில கரை இறங்கினது டிப்பராலதான்; நாங்கதான் மூட்டை போட்டு அடைச்சம். பேரப்பிள்ளையள் ரெண்டு பேரும் இதாலதான் பள்ளிக்கூடம் போறாங்க. தூணை நடுங்க. ஆனா கழட்டக்கூடியதா நடுங்க. இரும்புக் குழாய், அடியில ஆமைப்பூட்டு. உழவுக்கும் வெட்டுக்கும் கழட்டி வைப்பம். மற்ற நாளையில பூட்டியிருக்கட்டும்.”

திறப்பு யார் கையில் இருப்பது என்று கேட்டோம்.

“வட்டவிதானையிட்ட ஒண்டு, எங்கட கமக்காரர் அமைப்பில ஒண்டு. கந்தோரில குடுத்துடாதீங்க மாஸ்ரர். வெட்டு நேரம் அவரைத் தேடிக்கொண்டு திரியேலாது.”

இரண்டு இரும்புக் குழாய், இரண்டு ஆமைப்பூட்டு, கொஞ்சம் சீமெந்து. நகரத்துக்கு வந்ததும் இரும்புக் கடையிலே விலை விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறோம். கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டம் பௌர்ணமிக்கு மறுநாள் என்று சொன்னார். நாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.